வலது பொத்தான்

அவள் மேசையில் மவுஸ் கிடையாது. குழுத்தலைவர் கதிரவேல் தன்னுடையதைக் கையோடு கொண்டுவந்து சொருகினார்.

டிக் என்று கேட்டது.

அவள் ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்த இயர்போனில் கம்ப்யூட்டர் வாசித்தது. விலை மாற்று. திருப்பி அனுப்பு. டிலீட்.

திறந்துவிட்டது. அவள் எழுதிய மெனு.

பார்வை இல்லாதவளுக்கு எதற்கு ரைட் கிளிக் வேலை என்று போன வாரம் இதே கதிரவேல்தான் சிரித்தார். நல்லவர்தான். நல்லவர்கள் சிரித்தால் பதிலுக்குத் திட்டவும் முடியாது, அதுதான் எரிச்சல்.

கேட்டுத்தான் வாங்கினாள் இந்த வேலையை. மருந்துக்கடைகளுக்கான சாஃப்ட்வேர். மருந்துப் பட்டியலில் எந்த வரியில் ரைட் கிளிக் செய்தாலும் அந்த மருந்துக்குரிய மெனு திறக்க வேண்டும். சரியாக வராவிட்டால், பேசாமல் உதவிக்குறிப்பு எழுதும் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு.

அந்தப் பிரிவுக்குப் போனவர்கள் யாரும் மறுபடி நிரல் எழுத வந்ததில்லை.

கதிரவேல் பட்டியலின் நடுவில் இருந்த காலாவதியான இருமல் மருந்தின் மேல் அமுக்கி, டிலீட் கொடுத்தார்.

உச்சுக் கொட்டினார்.

“என்ன சார்?”

இருமல் மருந்து அப்படியே இருக்கிறதாம். முதல் வரியில் இருந்த சர்க்கரை மாத்திரை போய்விட்டதாம். சொன்ன குரலில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

அவளுக்கு உடனே புரிந்தது.

அவள் கீபோர்டிலேயே பழகியவள். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு வரியாக இறங்கி, வேண்டிய வரியில் நின்று, பிறகுதான் மெனுவைத் திறப்பாள். நிற்கிற இடமும் திறக்கிற இடமும் அவளுக்கு என்றைக்கும் ஒன்றுதான். மவுஸ்காரர்கள் அப்படி இல்லை. எங்கேயோ நின்றுகொண்டு எங்கேயோ குத்துவார்கள். மெனு, ஏற்கெனவே நின்றிருந்த முதல் வரியைப் பிடித்துக்கொண்டது, குத்திய வரியை விட்டுவிட்டது.

தப்பு அவளுடையதுதான். சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் இதற்குக் கண் வேண்டியதில்லை. யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

“விடும்மா. இதெல்லாம் கண்ணு பார்த்துச் செய்யற வேலை.”

பெனிட்டாவிடம் கொடுத்துவிடலாம் என்றார். யாரும் குறை சொல்லப் போவதில்லை, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பக்கத்து இருக்கையில் பெனிட்டா தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். குத்தியது எந்த வரியோ, முதலில் அந்த வரிக்குப் போ. பிறகு திற. அவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

மறுபடி அமுக்கச் சொன்னாள்.

அமுக்கினார். இருமல் மருந்து போனது. வேறொரு வரியில் அமுக்கினார். அதுவும் ஒழுங்காகப் போனது. ம் என்றார்.

சரி, ஆனாலும் நாளைக்கு இன்னொன்று இப்படி வந்தால் கடைக்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தார்.

ஆனாலும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை நீட்டி, வயரைத் தடவிப் பிடித்து, மவுஸைப் பிடுங்கினாள்.

அதே சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் பட்டியல் கதிரவேல் எழுதியது. இரண்டு வருடமாகக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மவுஸால் அமுக்கினால் மெனு அழகாகத் திறக்கும். அவள் அந்தப் பட்டியலைத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். இதில் மெனுவைத் திறந்து காட்டுங்கள் என்றாள்.

மெனுவுக்கென்றே கீபோர்டில் ஒரு விசை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பெனிட்டா எட்டிக் காட்டினாள்.

அமுக்கினார்.

இன்னொரு முறை அமுக்கினார்.

இயர்போனில் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இதைச் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர்கள் யாரும் கேட்கவில்லையே என்று பதில் வந்தது. அவள் கேட்டது கணக்கில் வரவில்லை.

“ரெண்டு வருசமா இப்படித்தான் சார் இருக்குது. உங்கள யாரும் எங்கயும் மாத்தலையே?”

அவர் மவுஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா வெட்கமா, நடையில் தெரியவில்லை. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பெனிட்டா மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. இத்தனை நாள் மூடிக்கொண்டுதானே இருந்தோம், என்ன கிழிந்தது என்றும் தோன்றியது.

மாலையில் கிளம்பப் போகும்போது, கோளாறைச் சரிசெய்யச் சொல்லும் டிக்கெட் ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் வாசித்தது.

வாடிக்கையாளர் பட்டியல். கீபோர்டில் மெனு திறக்கவில்லை. உடனே சரிசெய்யவும்.

அனுப்பியவர், கதிரவேல்.

பிரிவு மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அதைத்தான் முதலில் தேடினாள். இல்லை. மூச்சு வந்தது.

சரிசெய்பவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

ஓகோ.

தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தன் பெயரை அழித்தாள். கதிரவேல் என்று அடித்தாள்.

அடுத்த கட்டத்துக்கு இறங்கினாள். சரிபார்ப்பவர் என்றது கம்ப்யூட்டர். காலி என்றது.

அதில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.