மோதிர விரல்

பியானோவில் ஷெரினுக்குத் தொல்லை கொடுத்தது ஒரே ஒரு விரல்தான். மோதிர விரலைத் தூக்கினால் பக்கத்து விரல்களும் கூடவே கிளம்பிவிடும். பெரம்பூரில் பியானோ படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் விரல் பிரிக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, ஸ்டெல்லா மட்டும் மகளைச் சும்மா விடுவாளா? லீவில் கூட்டிப்போய் அவளுக்கும் செய்து கூட்டிவந்தாள். பத்து விரலும் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காத பத்துப் பிள்ளைகளாகிவிட்டன.

இன்று பரீட்சை. ஷெரின் ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தாள். அவளுக்கு முன்னால் வந்தவர்களும் அப்படியேதான் வாசித்திருந்தார்கள்.

"எல்லாரும் ஒரே மாதிரி பிசகாம வாசிச்சா யாருக்குன்னு மார்க் போடறது? எல்லாரும் பெயில்தான்மா. அடுத்த தடவை இதைவிடக் கஷ்டமானதா குடுக்கறோம்," என்றார் தேர்வாளர் கொட்டாவி விட்டபடி.

பசியோடு ஓட்டலுக்குப் போனார்கள். ஷெரின் சாம்பார் சோற்றைப் பிசைந்து எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் அது விரலிடுக்கில் வழிந்து இலையிலேயே விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"விரலைச் சேத்துப் பிடிடி."

"ஒவ்வொண்ணுகிட்டயும் தனித்தனியா சொல்லணும்மா. சொல்லி முடிக்கறதுக்குள்ள விழுந்துடுது."

பதினான்கு வயசுப் பெண்ணுக்கு ஸ்டெல்லா ஊட்டிவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையிலும் ஒருத்தி தன் மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ரோட்டைக் கடக்கும்போது ஸ்டெல்லா மகளின் கையைப் பிடித்தாள். ஐந்து விரலும் அவள் உள்ளங்கையில் உதிரியாகக் கிடந்தன.

"பஸ் வருதும்மா," என்றாள் ஷெரின். "என்னால பிடிச்சுக்க முடியாது. நீயே கெட்டியாப் பிடிச்சுக்கோ."