நாலாவது சத்தம்

"யாத்… யீ… சாம்…"

குருவான சிஃபு எண்ண எண்ணப் பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். நாலாவது சத்தம் வந்த பிறகுதான் எல்லாருடைய கைகளும் ஒன்றாகக் காற்றில் குத்தின.

வேலியோரம் நின்று பார்த்த இன்ஸ்பெக்டர் மிக்கேல்ராஜின் முகம் மாறியது.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வந்த எமர்ஜென்சி காலம். அஞ்சு பேர் கூடி நின்றாலே பெர்மிட் கேட்பார்கள். புக்கிட் ரம்பாய் சீனக் கோயில் திடலில் காலையில் நடக்கும் இந்தக் குந்தாவ் சண்டைப் பயிற்சிக்குப் பெர்மிட்டைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

"சிஃபு, இங்க வாங்க," என்று மலாயில் கூப்பிட்டார். "கோலாலம்பூர்ல நான் பார்த்த குந்தாவ்ல முதல் சத்தத்துக்கே குத்துவாங்க. நீங்க மட்டும் ஏன் நாலாவது சத்தம் வரைக்கும் காத்திருக்கீங்க? காட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஏதும் சிக்னலா?"

சிஃபு தலையைச் சொறிந்தார். பின்னால் நின்ற பதினொரு சீனர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"பதில் சொல்லாட்டி பெர்மிட் கிடையாது. நீங்களும் ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும்."

கூட்டத்தில் ஒரே தமிழரான போஸ்டாபீஸ் கிராணி தம்புசாமிக்குத்தான் பொறுக்கவில்லை. முன்னால் வந்துவிட்டார்.

"நான் சொல்றேங்கய்யா. எல்லாம் என்னாலதான் லா."

"உங்களாலயா?"

"மூணு வருசத்துக்கு முந்தி இங்க வந்து சேர்ந்தேன். மொத நாளே இந்த மனுசன் சீனத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு, எனக்காகத் தமிழ்ல 'செய்'னு சொன்னாரு! கண்ணு கலங்கிப் போச்சுங்கய்யா. ஆபீஸ்ல இருபது வருசமா குப்பை கொட்டுறேன். வேத்து ஆளு ஒருத்தன் எங்கிட்ட என் பாஷையில ஒரு வார்த்தை பேசினதில்ல. மறுநாளே எல்லாருக்கும் வடை சுட்டு எடுத்தாந்தேன்."

மிக்கேல்ராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, அது சீனத்துல நா…"

சட்டென்று நிறுத்திக்கொண்டார். தம்புசாமியின் முதுகுக்குப் பின்னால் சிஃபு 'வேண்டாம், வேண்டாம்' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் அதே மாதிரி ஆட்டினார்கள்.

கான்டனீஸில் நாலுக்குப் பெயரே 'செய்'தான்!

இன்ஸ்பெக்டர் சிஃபுவின் பக்கம் திரும்பி, தம்புசாமிக்குப் புரியாத அந்தக் கான்டனீஸிலேயே கேட்டார். "இவருக்கு இன்னுமா தெரியாது?"

"அந்த வடையைத் தின்ன பிறகு எந்த வாயால சொல்றது?" என்றார் சிஃபு. "மொத நாள் அவர் மட்டும் தனியா நாலுல குத்தினார். தப்புன்னு தெரிஞ்சா வெட்கப்படுவாரே. அதான், மறுநாள்லேருந்து நாங்களும் நாலுல குத்துறோம்."

மிக்கேல்ராஜ் வந்த சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார். பெர்மிட் பாரத்தை ஜீப்பின் மேல் விரித்தார்.

"என்னங்கய்யா சொல்றாரு?" தம்புசாமி பதறினார். "ஏதும் தப்பா?"

"ஒரு தப்பும் இல்லண்ணே. பாரத்துல ஒரு இடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்காங்க. திருத்திடுறேன்."

'ஆணையிடும் மொழி' என்ற இடத்தில் இருந்த 'சீனம்' என்பதை அடித்துவிட்டு, 'தமிழ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.