குதிரையின் வால் பக்கம்

பெல்கிரேட் சதுக்கத்தில் சாயங்கால வெயில் வெண்கலக் குதிரையின் முதுகில் பளபளக்கிறது. இந்த ஊரில் யாரைச் சந்திப்பதானாலும் "குதிரைகிட்ட வந்துடு" என்றால் போதும். டெசங்கா வால் பக்கம் நிற்கிறாள். நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்பும் இங்கேதான் நின்றாள். அன்று அவள் காதலன் மிலோராத் தலைப்பக்கம் நின்றிருக்கிறான். நடுவில் உயரமான கல்பீடம். அவன் வரவில்லை என்று இவளும், இவள் வரவில்லை என்று அவனும் ரோஷத்தோடு வீடு திரும்பி, வேறு வேறு ஆட்களைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது இருவருக்கும் துணை இல்லை. போன வாரம் ஒரு சிநேகிதியின் அடக்கத்தில் பேசிக்கொண்டபோதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. பிரியும்போது மிலோராத் மறுபடியும் "குதிரைகிட்ட, ஆறு மணிக்கு" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்க இவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மணி ஆறேகால். கைப்பையின் வாரை முறுக்கியபடி, இந்தத் தடவை ரோஷம் வேண்டாம் என்று தலைப்பக்கம் நடக்கிறாள். அங்கே இரண்டு புறாக்கள் மட்டும். வால் பக்கமே திரும்பப் போகிறாள். சோளப்பொரி விற்கிற பெண் சிரித்துவிடுகிறாள். "அம்மா, ஒரு இடத்துல நில்லுங்க! தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் உங்களுக்குப் பின்னாடியே சுத்துறாரு. ரெண்டு பேரும் என்ன, குதிரைக்குக் காவலா?" டெசங்கா நின்று பீடத்தில் கை வைக்கிறாள். பகலெல்லாம் வாங்கிய வெயில் கல்லில் இன்னும் சுடுகிறது. கைத்தடிச் சத்தம் நெருங்குகிறது. "நகராத டெசங்கா, நானே வர்றேன்!" பீடத்தின் மூலையில் முதலில் ஒரு தொப்பியின் நிழல் விழுகிறது.