பட்டிக்குள் புலி

“ஆட்டுப்பட்டியும் விலங்குப்பட்டிதானே? அப்ப அதுக்குள்ள ஒரு புலியை விடலாமா?”

கேட்டவள் சந்திரலேகா, காரைக்குடியில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவள். எதிரே உட்கார்ந்திருந்த அழகுசுந்தரத்துக்கு வியர்த்தது. காலையில் வரச் சொல்லியிருந்தார்கள் என்று அவன் தன் பெயரையும் சேர்த்துச் சொன்னதுமே, உட்காரவைத்து இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்து அனுப்பிய அம்மா, எதைக் கேட்டாலும் பணிவாகப் பதில் சொல் என்றுதான் சொல்லியிருந்தாள். புலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சந்திரலேகாவே விளக்கினாள். அவர்கள் எழுதும் நிரல்மொழியில், விலங்குகளின் பட்டியல் கேட்கிற இடத்தில் ஆடுகளின் பட்டியலைக் கொடுத்தால், பிழை பார்க்க வேண்டிய கம்பைலர் வாயே திறப்பதில்லை. அங்கே எவனாவது ஒரு புலியைச் சேர்த்துவிடுகிறான். பிறகு ஆடு என்று நம்பிப் பால் கறக்கப் போகிற நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்புற விழுகிறது. போன வாரம்கூட ஒரு வாடிக்கையாளரின் வேலை முழுக்க நின்றுபோனதாம்.

அழகுசுந்தரமும் மதுரையில் நிரல் எழுதுகிறவன்தான். பயம் பறந்துவிட்டது.

“உள்ள எட்டிப் பாக்க மட்டும்னா ஆட்டுப்பட்டியைக் குடுக்கலாங்க. புதுசா ஒண்ணை உள்ள விடணும்னாத்தான் வம்பு. அந்த இடத்துல கம்பைலர் கட்டாயம் தடுக்கணும்.”

சந்திரலேகா மேசையைத் தட்டிச் சிரித்தாள். இதுவரை வந்துபோன அத்தனை பேரில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை என்றாள். அத்தனை பேரா என்று அவனுக்குத் திக்கென்றது. ஆனாலும் உச்சி குளிர்ந்தது.

அதற்குப்பின் கேள்விகள் சரம்சரமாக வந்தன. ராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்திருப்பீர்களா, நான் கத்தினால் தாங்குவீர்களா, பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட மாட்டீர்களே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி அவனுக்குக் கழுத்தே வலித்தது. கால் மட்டும் தரையில் பாவவில்லை.

“எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. திங்கக்கிழமையே வந்து சேந்துக்கங்க” என்றாள் அவள்.

அழகுசுந்தரம் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

“அவ்வளவு வெரசாவாங்க? உங்களைப் பெத்த அப்பச்சி, பொண்ணைப் பாத்துப் பேசிட்டு மட்டும்தான் வரச் சொன்னாக. முகூர்த்த நாளை ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் சேந்துதானே பாக்கணும்?”