சார்ஜ் ஏறும் வரை

"மறுபடியும் செத்துப்போச்சுடா!"

அத்தான் டிரில் மெஷினை உதறினார். அலமாரிக் கதவில் பாதி இறங்கிய ஸ்க்ரூ, போவதா வருவதா என்று தெரியாமல் நின்றது.

"குடுங்க அத்தான், சார்ஜ் போட்டுட்டு வரேன். நீங்க உக்காருங்க."

மச்சான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டு வந்தான். அக்காள் கணவரும் அவனும் சேர்ந்துதான் வீடு வீடாகச் சமையலறை அலமாரி மாட்டிக்கொடுக்கிறார்கள். டிரில் கம்பெனிகளுக்கு அவர்களிடம் பெயர் கிடையாது, நிறம்தான். எந்த நிறத்துக்கு என்ன குறை சொன்னார்கள் என்பதை நான் மாற்றி நினைவு வைத்திருக்கலாம். மற்றபடி நடந்தது இதுதான்.

"மஞ்சள் வாங்கலாம்னேன், கனம்னே. நீலம் வாங்கலாம்னேன், பேட்டரி கிடைக்காதுன்னே. சிவப்புக்கு என்னடா கேடு?"

"பிடி சொரசொரன்னு இருக்கும் அத்தான். கை காய்ச்சுப்போகும்."

"என் கையில இனிமே காய்க்க எங்கடா இடம் இருக்கு? எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டாங்க, அந்த வீட்ல பொண்ணெடுக்காதேன்னு எங்கம்மா அப்பவே சொன்னா!"

வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக ஹாலில் அடுப்பை வைத்துச் சமைக்கிறாள். "மணிக்கொருதரம் இப்படி நின்னா எப்பதான் முடிப்பீங்க?" என்று பீரோ மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். "எங்க வீட்டுக்காரர் வாங்கினது. இதுவரைக்கும் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்ல."

உள்ளே பச்சை மெஷின். அத்தான் பட்டனை அழுத்தினார். தேனீபோல ரீங்கரித்தது. அவர் முகம் புதுச் செருப்பு போட்ட குழந்தையின் முகமானது.

"பார்றா! மெஷின்னா இது!"

"வீட்டுக்குத்தான் ஆகும் அத்தான். நம்ம வேலைக்குத் தாங்காது." மச்சான் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். இடது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"சாயங்காலம் கடைக்குப் போறோம். மாத்தலேன்னா, நாளையிலேர்ந்து நீ வேற, நான் வேற."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து வருடக் கூட்டு.

சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வீட்டம்மா உள்ளறைக்குப் போனாள். சார்ஜர் சுவரில் செருகியிருந்தது. சுவிட்ச் போடவே இல்லை.

"நல்லா இருக்கு உங்க லட்சணம்!" என்று கையை நீட்டினாள்.

"போடாதீங்கக்கா!" பின்னாலேயே ஓடிவந்த மச்சான் உதட்டில் விரல் வைத்தான். கருவிப் பையைத் திறந்து ஒரு பழந்துணியை விலக்கினான். அதனுள் புத்தம்புது பேட்டரி ஒன்று, முழுச் சார்ஜோடு.

"இதுலதான் வேலை நடக்குது. அவர் பாக்காதப்ப தீர்ந்துபோன பழசை மாட்டிவிட்டுடுவேன்." அவன் குரல் இறங்கியது. "மணிக்கொருதரம் உக்காரலேன்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கக்கா அழுதுகூடப் பாத்துட்டா. 'நான் என்ன கிழவனா'ங்கறார். மனுஷங்க சொன்னா உக்காரமாட்டார்க்கா. மெஷின் நின்னாத்தான் உக்காருவார்."

வீட்டம்மா சுவிட்ச் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஹாலுக்கு வந்தாள்.

"அண்ணே, இப்பதான் ஞாபகம் வருது. இந்தப் பச்சை, கொஞ்சம் ஓடினா புகையுதாம். திருப்பிக் குடுக்கத்தான் எடுத்து வெச்சிருக்கார். இப்ப வர்றது எல்லாமே இப்படித்தானாம். உங்க பழசே தேவலாம்."

"அப்படியா?" அத்தானின் முகம் வாடியது. "இல்ல, உங்களுக்கு அவசரமாச்சேன்னு..."

"எனக்கென்ன அவசரம்? நல்லா சார்ஜ் ஏறட்டும்."

அன்று யாரும் கடைக்குப் போகவில்லை. சமையலறை தாமதமாகத்தான் முடிந்தது. பச்சை மெஷின் இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது. அத்தான் இப்போதும் வேலைக்குப் போகிறார், மணிக்கொருதரம் உட்கார்ந்து மச்சானின் கஞ்சத்தனத்தைத் திட்டுகிறார்.