அதே பெயரில் ஒரு ஃபைல்

"ஒரு தடவை கை சுட்டுக்கிட்டீங்கன்னு யாருமே அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னா எப்படிண்ணா?"

டீமிலேயே இளையவளான அவள் டீம் லீடரிடம் இப்படிக் கேட்டதும் மீட்டிங் அறையே கொல்லென்று சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

கட்டட வரைபடங்களைப் படிக்கவும் சேமிக்கவும் மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் லைப்ரரி அவர்களுடையது. புது வெர்ஷன் மறுநாள் வெளியாகிறது. தீராமல் கிடந்தது ஒரே வழக்குதான்: சேமிக்கப் போகிற இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் என்ன செய்வது?

"பழைய வெர்ஷன் மாதிரியே சத்தம் போடாம, இருக்கறதை அழிச்சுட்டு மேல எழுதிட்டுப் போகட்டும்" என்றாள் அவள். "சேமின்னா சேமிக்கணும். வழியில நின்னு அடம் பிடிச்சா யார் நம்ம லைப்ரரியைத் தொடுவாங்க?"

"எதுவும் சொல்லலைன்னா நின்னுடணும்மா" என்றார் டீம் லீடர். " மேல எழுதியே ஆகணும்னா, அதைத் தனியா சொல்லி எழுதட்டும்."

"ரப்பருக்குப் பயம்!" என்றார் டெஸ்டர். மறுபடி சிரிப்பு.

அழிக்கிற ரப்பர் என்ற பட்டப்பெயர் டீம் லீடருக்குப் போன மாதம் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் மருத்துவமனை வரைபடம் அழிந்துபோய் ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டபோது, "தப்பு என்னுதுதான்" என்று முன்னால் வந்து நின்றார் மனிதர். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, லீவு நாளிலும் வந்து உட்கார்ந்து, மொத்தத்தையும் மறுபடி வரைந்து கொடுத்தார்.

"என் புரோகிராமை உங்க முறையில ஓட்டிக் காட்டறேன். எப்படி முரண்டு பிடிக்குதுன்னு எல்லாரும் பாருங்க" என்று அவள் எழுந்தாள்.

"பெரிய ஸ்கிரீன்ல வேணாமே" என்றார் அவர் அவசரமாக. "உன் சீட்லயே பாரேன்."

"பயந்துட்டார், பயந்துட்டார்!" அவள் துள்ளிக்கொண்டு தன் சீட்டுக்குப் போனாள்.

போன மாதம் எழுதிய புரோகிராமையே ஓட்டினாள். வாடிக்கையாளரின் வரைபடத்தைப் படித்து, கதவு ஜன்னல்களை மட்டும் பிரித்து வேறு இடத்தில் சேமிப்பது அதன் வேலை.

பொசுக்கென்று நின்றது.

'மருத்துவமனை, தரைத்தளம். இதே பெயரில் ஃபைல் இருக்கிறது. எழுதவில்லை.'

அவள் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். சேமிக்கும் இடத்தை மாற்ற மறந்திருக்கிறாள். வாடிக்கையாளரின் அசல் வரைபடத்தின் மேலேயே எழுதப் போயிருக்கிறது. அப்படியானால் போன மாதம்?

தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணா... அழிச்சது நான்தானா?"

"மெதுவா பேசு" என்றார் அவர், சிரிப்பு மாறாமல். "அப்பதான் வேலைக்கே சேர்ந்திருந்தே."

"அதுக்காக எல்லார் முன்னாடியும் பொய் சொல்வீங்களா?"

"பொய்யா? கேக்காம மேல எழுதிட்டுப் போன்னு பழைய வெர்ஷன்ல சேமிக்கிற அந்த ஃபங்ஷனை எழுதி வச்சது யாரும்மா? நான்தானே!"