உகந்த தூரம்

மெல்போர்னுக்குப் போன பதினாறு வருடத்தில் வயிரவன் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசாத நாளில்லை. தமிழ்ச் சங்க மேடையில் காரைக்குடியை நினைத்து அழுததற்குப் பொன்னாடைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தூர ஆலோசனை நிலையத்தில் மனுப் போட்டான். பெற்றவர், பிள்ளை இருவரையும் தனித்தனியே விசாரித்துவிட்டுத்தான் இருவரும் எவ்வளவு தூரத்தில் இருந்தால் நல்லது என்று அங்குள்ள இயந்திரம் சொல்லும்.

முடிவு வந்தது: ‘தற்போதைய வசிப்பிடம் சற்று அருகில் உள்ளது. இன்னும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.’

அம்மா உமையாளைப் போனில் கூப்பிட்டுக் கத்தினான். “மிஷினுக்குப் புத்தி கெட்டுப்போச்சா ஆத்தா?”

“நான் சொன்னதைத்தானப்பா அது சொல்லுது. போன லீவுக்குப் பத்து நாள் வந்திருந்தியே, என் கட்டிலைத் திருப்பிப் போட்டே. மீன் குழம்பு பழசுன்னு கொட்டினே. சீட்டாட வந்த ஆச்சிகளை நேரமாச்சுன்னு விரட்டினே.”

“உனக்காகத்தானே ஆத்தா வர்றேன்?”

“எனக்காகன்னா வராதே.”

 வயிரவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி மெய்யம்மை அதற்குள் இன்னும் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் வீடு தேட ஆரம்பித்திருந்தாள்.

“வீடு மாறினதும் விலாசம் அனுப்பு” என்றாள் உமையாள். “சீப்புச்சீடை அனுப்பி வைக்கிறேன்.”